கேள்விக்குறியாக வந்த மூன்று சொற்கள்

அலுவலகத்தில் இப்போது என்னை 'ரிட்டயர்டு அண்ணாத்த' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு முப்பது தாண்டி அதிக நாள் ஆகவில்லை. ஓய்வு பெற்றது நான் இல்லை, நான் பார்த்த வேலை. மெயிலில் வரும் பேட்ச்களை வாங்கி, எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளே சேர்ப்பதுதான் என் வேலை. சென்ற மாதத்தோடு பேட்ச்கள் மெயிலில் வருவது நின்றுவிட்டது. இனி எல்லோரும் இணையப் பக்கத்தில் நேராக ஏற்றிவிடுவார்கள். கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். பேக்கரிக்காரர் இது ஏதோ தப்பு என்று இரண்டு முறை போன் செய்து கேட்டாராம்.

"அண்ணாத்த, அந்தக் காலத்துல இன்னா பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள் புதிதாகச் சேர்ந்த ரேவதி. அந்தக் காலம் என்று அவள் சொன்னது போன மாதத்தை. கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊர்களில் படகு நிறுத்தும் இடத்தில் கம்பம் நட்டு ஒரு எலக்ட்ரானிக் போர்டு மாட்டியிருப்பார்கள். சிவப்பு எழுத்து ஓடும். காற்று, அலை, டீசல் எப்போது தருவார்கள், கூட்டம் எங்கே என்று எல்லாம் அதில் வரும். அந்தப் போர்டுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மாடியில் இயங்கும் எங்கள் சின்ன நிறுவனம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம் என்று திறந்து வைத்த மென்பொருள் அது. திருத்துகிறவர் முழுவதையும் அனுப்ப மாட்டார். எந்த வரியை எடுக்க வேண்டும், அங்கே எந்த வரியைப் போட வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்புவார். எடுக்கிற வரிக்கு முன்னால் கழித்தல் குறி, போடுகிற வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அதற்குப் பெயர்தான் பேட்ச்.

வரிகள் ஆங்கிலத்தில் இருக்கும்வரை மெயில் அவற்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். தமிழ் வந்தால்தான் வம்பு. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்த எண்களைத்தான் பைட் என்கிறோம். எந்த எண் எந்த எழுத்து என்பதை மெயிலின் தலைப்பகுதி சொல்ல வேண்டும். அது தப்பாகச் சொன்னால் எழுத்து உடையும்.

உடைவதில் இரண்டு விதம். ஒன்றில், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலைமேல் கோடு போட்ட ஆங்கில a, பக்கத்தில் வட்டத்துக்குள் R என்று கண்டபடி வரும். பார்க்கத்தான் கோரம். உள்ளே எண்கள் அப்படியே இருக்கின்றன, படிக்கிற முறைதான் மாறியிருக்கிறது. சரியான முறையைச் சொன்னால் தமிழ் எழுந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்றில் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகியிருக்கும். அது பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் எழுத்து போய்விட்டது. வழியில் யாரோ, தனக்குத் தெரியாத எழுத்தை எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேள்விக்குறியை வைத்துவிட்டார்கள். எந்தக் கெட்டிக்காரனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். அப்பாவுக்கு செங்கல்பட்டுக்கு மேற்கே கொஞ்சம் நிலம், இப்போது ஷேர் ஆட்டோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டார்.

"இன்னா வேலடா குடுத்துகிறாங்க?"

"மெயில்ல வர்ற எழுத்து உடையாம வருதான்னு பாக்கணும்பா."

"அப்ப போஸ்ட்மேன்னு சொல்லு" என்றார். இன்றுவரை ஆட்டோ ஸ்டாண்டில் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

கல்லூரியில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. வந்த முதல் வருடம், என்னிடம் வந்த ஒவ்வொரு பேட்ச்சையும் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் மேலதிகாரி திலகவதி மேடம். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவார். அவரிடம் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் "இங்க பாருங்க மேடம்" என்றால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"ஸ்கிரீன காட்டாத. அது நம்ம மனசுக்குப் புடிச்ச மாதிரி காட்டும். பைட் என்ன சொல்லுது, அதைப் படி."

நான் எண்களைப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பேனா மூடியால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்பார். "ஈ ஜீரோ, ஏ ஈ, தொண்ணூத்தஞ்சு" என்பேன். "க" என்பார். அடுத்த மூன்று எண். "ட" என்பார். ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று எண். ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஏதோ ஜாதகம் கணிப்பது போல இருக்கும். டீ கொண்டுவருகிற அண்ணன் ஒருநாள், "யாருக்குப் பொண்ணு பாக்கறீங்க?" என்று கேட்டே விட்டார்.

மேடம் வைத்திருந்த நடைமுறை இது. மெயில் வந்ததும் யாரும் திறக்கக் கூடாது. வந்தபடியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பிறகு பிரதியைத்தான் திறக்க வேண்டும். எண்கள் உயிரோடு இருந்து படிக்கும் முறை மட்டும் மாறியிருந்தால் நாமே சரிசெய்யலாம். கேள்விக்குறி வந்திருந்தால் ஒரு எழுத்துகூட நாம் போடக் கூடாது, அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும். திருப்பும்போது எழுத வேண்டிய வாசகத்தையும் அவரே எழுதி வைத்திருந்தார். 'இந்த வரி எங்களுக்கு உடைந்து வந்தது. மறுபடி அனுப்ப வேண்டுகிறேன்.' நீங்கள் உடைத்து அனுப்பினீர்கள் என்று ஒருநாளும் எழுதவிட மாட்டார்.

அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. திருப்பி அனுப்புவது பிடிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு மாணவன் இரண்டு முறை பேட்ச் அனுப்பினான், இரண்டும் திரும்பிப் போயின. மூன்றாவது அனுப்பவே இல்லை. அவனும் வீட்டில் முதலில் படித்தவனாக இருப்பானோ என்று எனக்குத் தோன்றியது. எங்களைப் போன்றவர்களுக்கு, அனுப்பியது திரும்பி வந்தால் அதன் காரணத்தைப் படிக்கக் கண் போகாது. நமக்கு இது சரிப்படாது என்றுதான் முதலில் நினைப்போம்.

"ரெண்டு எழுத்து மேடம். என்ன எழுத்துன்னு பாத்தாலே தெரியுது. நாமளே போட்டுடலாமே" என்று கேட்டேன்.

"போடலாம் சம்பத். அப்புறம் அவன் பேருக்குக் கீழ உன் வரி இருக்கும். அது தப்பாப் போச்சுன்னா ஊர்ல யாரைக் கேப்பாங்க?"

என்னால் அதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரிட்டர்ன் மேடம்' என்று பெயர் வைத்தவர்களில் நானும் இருந்தேன்.

இப்போது ஏழுமலை விஷயம்.

ஏழுமலை கடப்பாக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு படகு இன்ஜின் பழுதுபார்க்கிறான். அவன் அண்ணன் பலராமன் கடலுக்குப் போகிறவர். ஊரில் எங்கள் போர்டு வேண்டும் என்று அலைந்து திரிந்து வாங்கி மாட்டியவன் ஏழுமலைதான். எங்களுக்கு வரும் மெயில்களிலேயே மிகக் கடுப்பான மெயில் அவனுடையது. 'உங்க போர்டு' என்றுதான் ஆரம்பிக்கும்.

ஒரு வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் ஊரில் ஒன்று நடந்தது. போர்டுக்கு ஒரு தடவையில் இவ்வளவு எண்கள்தான் வாங்க முடியும் என்று ஓர் அளவு உண்டு. ஆங்கிலத்தை மனதில் வைத்து யாரோ முன்பு வைத்த அளவு. தமிழ் மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் நீளமான செய்தி வால் அறுந்து போகும். அன்றைக்கு வந்த செய்தி, இன்ன காரணத்தால் கடலுக்குப் போக வேண்டாம் என்று முடிய வேண்டியது. போர்டில் 'கடலுக்குப் போக' வரைதான் ஓடியது. அதற்கப்புறம் ஒரு கட்டம் மட்டும் மின்னியது. பலராமன் படகைத் தள்ளிவிட்டார். இன்னும் சிலர் பின்னாலேயே போனார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலை கிழிந்து, ஆளெல்லாம் நனைந்து நடுங்கித் திரும்பினார்கள். கரையேறியதும் ஊர் மொத்தமும் ஏழுமலை முன்னால் வந்து நின்றது. போர்டு வாங்கி வெச்சவன் நீதானே என்று. இன்னொரு தடவை இப்படி ஆனால் கம்பத்தோடு பிடுங்கிக் கடலில் போடுவோம் என்றார்கள். அவன் அண்ணன் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இதற்கு அவனே ஒரு பேட்ச் எழுதி அனுப்பினான். அது வந்த நாளில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது, இரண்டு நாளில் கடல் கெடும் என்று அறிவிப்பு வந்திருந்தது. எல்லா போர்டுகளுக்கும் புது மென்பொருளை அன்று மாலைக்குள் ஏற்றிவிட வேண்டும். அதை ஏற்றுகிற ஜெகன் காலையிலிருந்து என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

மெயிலைப் பிரதி எடுத்துவிட்டுத் திறந்தேன். ஏழுமலையின் லேப்டாப் பழுதாம். கடப்பாக்கம் ஜெராக்ஸ் கடைக் கணினியில் இருந்த ஏதோ பழைய மெயில் புரோகிராமிலிருந்து அனுப்பியிருந்தான். மேலே ஆங்கில எழுத்தில், 'போன் தண்ணியில விழுந்துடுச்சு. மெயிலை நாளைக்குத்தான் பாப்பேன்' என்று ஒரு வரி.

ஆங்கிலத்தில் இருந்த நிரல் வரிகள் அப்படியே இருந்தன, நன்றாகவும் எழுதியிருந்தான். செய்தி அளவுக்குள் அடங்கவில்லை என்றால் அரைகுறையாகக் காட்டாதே, அதற்குப் பதில் இந்த ஒரு வரியைக் காட்டு என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வரிதான் தமிழ். கூட்டல் குறிக்குப் பக்கத்தில் மூன்று கொத்துக் கேள்விக்குறிகள். நடுவில் இடைவெளி மட்டும் மிச்சம்.

"பைட் என்ன சொல்லுது?" என்றார் மேடம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"மூணு எஃப், மூணு எஃப், மூணு எஃப். எல்லாமே மூணு எஃப் மேடம்."

மூணு எஃப் என்றால் கேள்விக்குறி. அவர் பேனா மூடியைக் கீழே வைத்தார். "அப்ப போச்சு. திருப்பு."

"திருப்பினா நாளைக்குத்தான் பாப்பான் மேடம்" என்றான் ஜெகன். "இன்னிக்கு ஏத்தலன்னா போர்டு பழைய மாதிரியே வால் அறுத்துக்கினு நிக்கும்."

நான்தான், மூன்று சொல் என்றால் 'கடலுக்குப் போக வேண்டாம்' என்பதாகத்தான் இருக்கும் என்றேன். ஜெகன் எண்ணினான். ஒற்றைப் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கேள்விக்குறியாகும், கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் ஒன்று என்பதால் எண்ணிப் பார்த்துவிடலாம். முதல் கொத்தில் ஆறுதான் இருந்தது. 'கடலுக்குப்' அதில் அடங்காது. அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டோம். 'படகுல' போட்டுப் பார்த்தோம், ஒன்று குறைந்தது. கணக்குப் பார்க்கிற மீனா அக்கா கூடத் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டார். கடைசியில் ஜெகன் மேசையைத் தட்டினான்.

"மச்சான், 'வெளியே போக வேணா'. எண்ணு."

எண்ணினேன். ஆறு, மூன்று, நான்கு. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. அர்த்தமும் சரியாக இருந்தது. செய்தி முழுதாக வரவில்லை என்றால் ஆபத்து வேண்டாம், வெளியே போகாதே என்பது நியாயம்தானே. மீனா அக்கா கை தட்டினார்.

மேடம் மட்டும் திரும்பவில்லை. "குறுக்கெழுத்துப் போட்டி முடிஞ்சுதா?"

"பொருந்துது மேடம்" என்றேன்.

"பொருந்துது. சரி. அவன் எழுதினது அதுதானா?"

"வேற என்னவா இருக்கப் போகுது?"

"அதைத்தான் நான் கேக்கறேன். எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒருவன் ஊரில் தலை நிமிர முடியாமல் இருக்கிறான், கடல் கெடப்போகிறது, இங்கே விதிமுறை பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சத்தமாகவே சொன்னேன். அந்த அலுவலகத்தில் நான் குரலை உயர்த்தியது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் கோபப்படவில்லை. ஜெகனிடம், "உன் வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டார். பிறகு என்னிடம், "மெயில்ல வரலன்னா கையில வாங்கிட்டு வா. லேப்டாப் எடுத்துக்கோ. அங்கருந்தே அவனையே அனுப்பச் சொல்லு. அவன் பேர்லதான் வரணும். சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

ஜெகனின் வண்டியில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனோம். மெயிலில் கண் மூடித் திறப்பதற்குள் வர வேண்டிய ஒரு வரியை வாங்க வண்டியில் போகிறோமே என்று வழியெல்லாம் ஜெகன் புலம்பிக்கொண்டே வந்தான். கடப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் விசாரித்ததும் கரையில் கை காட்டினார்கள். ஏழுமலை ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் யார் என்று சொன்னதும் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"போர்ட புடுங்கிக்கினு போக வந்தீங்களா?"

"இல்லப்பா, நீ அனுப்பின பேட்ச் உடைஞ்சு வந்துது. அந்தத் தமிழ் வரி மட்டும் வேணும்."

"அதுக்கு இம்மாந்தூரமா? நீங்களே எதுனா போட்டுக்க வேண்டியதானே?"

ஜெகன் என்னைப் பார்த்தான். நான், "நாங்க ஒண்ணு கண்டுபுடிச்சோம். 'வெளியே போக வேணா'. அதானே?" என்றேன்.

ஏழுமலை ஸ்பேனரைக் கீழே வைத்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, பேஜாரு பண்ணிருப்பீங்க போலக்கீதே. நீளமா வர்றதெல்லாம் புயல் சேதியா? டீசல் குடுக்கறாங்கன்னு வர்ற சேதியும் நீட்டாதான் வருது. மீட்டிங்னு வர்றதும் நீட்டாதான் வருது. அதுக்கெல்லாம் வெளியே போக வேணான்னு போர்டு சொல்லிச்சுன்னா? ஒரு நாள் கேப்பான், ரெண்டு நாள் கேப்பான். கடல் குளம் மாதிரி கெடக்கறப்ப மூணாவது நாளும் சொல்லிச்சுன்னா போர்டு மேல துண்டு காயப் போடுவான். அப்புறம் நெசமா புயல் வந்தா யாரு பாப்பா?"

"அப்ப நீ இன்னா எழுதின?" என்றான் ஜெகன்.

"வந்தது பாதிதான்னு எழுதினேன். வேற இன்னா எழுதறது? போர்டுக்குத் தெரிஞ்சது அவ்ளோதானே."

கடைக் கணினியில் பென் டிரைவைச் செருகிக் காட்டினான். கூட்டல் குறிக்குப் பக்கத்தில் தமிழ் முழுசாக இருந்தது. 'முழுசா வரல கேளு.'

விரல் விட்டு எண்ணினேன். ஆறு, மூன்று, நான்கு.

அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் லேப்டாப்பை வைத்து, அவன் பெயரில், அவன் கையாலேயே அனுப்பச் சொன்னேன். அனுப்பும் பொத்தானில் கிரீஸ் ஒட்டியது, இன்னும் இருக்கிறது. சிறிது நேரத்தில் மேடத்திடமிருந்து பதில் வந்தது. 'நன்றாக வந்து சேர்ந்தது. நன்றி.' அவ்வளவுதான். அதை ஏழுமலைக்குப் படித்துக் காட்டினேன். "இந்த அம்மா இத்தினி வருசத்துல எனக்கு நல்லதா சொன்னது இதான்" என்றான். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

வந்த வழியிலேயே திரும்பினோம். மேடத்தின் நடைமுறையும் ஏழுமலையின் வரியும் ஒன்றுதான் என்பது திருக்கழுக்குன்றம் தாண்டும்போது எனக்கு உறைத்தது. முழுசாக வராததை முழுசு போலக் காட்டாதே, கேள். ஒருவர் அலுவலக மாடியில் இருந்துகொண்டு மெயிலுக்குச் சொன்னதை இன்னொருவன் கரையில் உட்கார்ந்து போர்டுக்குச் சொல்லியிருக்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அடுத்த வாரம் திருக்கழுக்குன்றம் மாணவனுக்கு நானே எழுதினேன். திரும்பிப் போனது உன் வேலை சரியில்லை என்பதற்காக அல்ல, அதில் என் கை படக்கூடாது என்பதற்காக என்று. பதில் வரவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. விதி சரியாக இருந்தாலும் அதை முதல் நாளே ஒரு மனிதக் குரலில் சொல்லியிருக்க வேண்டும்.

புது இணையப் பக்கத்தில் கேள்விக்குறி வராது. எழுத்து வழியில் உடைய இடமே இல்லை. நல்லதுதான், அந்த மாணவனைப் போல இனி ஒருவன் விட்டுவிட்டுப் போக மாட்டான். ரேவதிக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இனியும் பாதியாக வரும். எழுத்து பாதியாக வராது, அதைவிடப் பெரிதாக ஏதாவது பாதியாக வரும். ஆனால் அப்போது கேள்விக்குறி வந்து எச்சரிக்காது.

கடப்பாக்கம் போய் வந்த இரண்டாம் நாள், கடல் கெடும் என்று சொன்ன அன்றைக்குக் காலையில் அலுவலகத்துக்குள் நான் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எடுத்தேன். மறுமுனையில் காற்றின் இரைச்சல், நடுவில் கரகரத்த ஒரு குரல்.

"நான் கடப்பாக்கம் பலராமன். தம்பிதான் இந்த நம்பர் குடுத்தான். அவன்கிட்ட நான் பேசறதில்ல, துண்டுச் சீட்டுல எழுதி அவன் அண்ணிகிட்ட குடுத்துட்டுப் போயிருக்கான். ஏம்ப்பா, போர்டுல முழுசா வரல, கேளுன்னு ஓடிக்கினே கீது. யாரக் கேக்கறதுன்னு போட மாட்டீங்களா? இன்னா ஆளுங்கய்யா நீங்க."

போன் நம்பர் போட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்றைய செய்தியை எடுத்து முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவர் யாருக்கோ சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். நிறைய பேர் நிற்பது போலக் கேட்டது.

"இத அப்பவே போட வேண்டியதானே" என்றார் கடைசியில்.

"போட இடம் பத்தலங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? கேளுன்னு போட்டுக்கீது, கேக்காம போவ முடியுமா? கரையிலதான் நிக்கறேன்."